கை இல்லாத கிருமி

எங்கள் ஆய்வகத்தில் வளரும் கிருமியின் மேலெல்லாம் ஒரு புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கை என்போம். அந்தக் கையால் அது புற்றுச் செல்லைப் பற்றிக்கொள்ளும். அதை அடிக்க வரும் உடலின் காவல் செல்லையும் தொட்டு, சமாதானப்படுத்தி உட்கார வைத்துவிடும்.

இன்று கையை நீக்கிய கிருமியை, புற்றுச் செல்லும் காவல் செல்லும் இருந்த தட்டில் விட்டுச் சோதித்தேன். கழுவினால் போய்விட வேண்டும். கழுவிக் கழுவிப் பார்த்தும் அடையாளத்துக்கு ஏற்றிய சாயத்தோடு, காவல் செல்களின் மேல் பச்சைப் பச்சையாக நின்றது.

"ஒழுங்கா கழுவினியா, சும்மா தண்ணி காட்டினியா?" என்றார் சீனியர் அக்கா. அந்தக் காவல் செல்கள் அவர் ரத்தத்திலிருந்து எடுத்தவை.

"நீங்களே பாருங்கக்கா."

அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். நான் திரையில் பார்த்தேன். கிருமி எதையும் பிடித்திருக்கவில்லை. காவல் செல்கள்தான் அதை அணைத்து, விழுங்காமல், பத்திரமாகப் புற்றுச் செல்களிடம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தன.

"பிளீச் ஊத்திக் கொன்னுடலாம்க்கா" என்று பயந்துபோய்த் தட்டை எடுக்கப் போனேன்.

அக்கா கண்ணை எடுக்காமலே என் மணிக்கட்டைப் பற்றினார். மென்மையான பிடிதான். இழுத்துப் பார்த்தேன், விடவில்லை.

"அவசரப்படாத. நம்ம ஆளுங்கதான்."

எனக்கு ஏனோ பயம் விட்டுப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.