சைரன் மாமியார்

"ஐயோ, வலி வந்துடுச்சு! யாராவது வண்டியைக் கூப்பிடுங்களேன்!"

மாமியார் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறந்த வேகத்திலேயே சலிப்போடு மூடிக்கொண்டது. இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை.

சமையலறைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். வயிறு கல்லாக இறுகியது நிஜம்தான். ஆனால் அவள் இன்னும் வாயையே திறக்கவில்லை.

"லேசாத்தான் அத்தை..."

"லேசோ பலமோ, எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இந்தா, தண்ணி குடி. வண்டி வர்ற வரைக்கும் மெல்ல நடந்துக்கிட்டே இரு."

பாதி தைத்த பள்ளிச் சீருடை தையல் மெஷினில் ஊசி குத்தியபடியே கிடந்தது. மாமியாருக்கு அதுதான் பிழைப்பு. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் மகன் செருப்புமாக வண்டியில் ஏறினாள்.

செல்போன் ரிப்பேர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு மகனும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான்.

"நடந்தப்ப குறைஞ்சுதாம்மா?" என்று மருமகளைக் கேட்டாள் நர்ஸ்.

"ஆமா சிஸ்டர். வண்டியில வரும்போதே நின்னு போச்சு."

"அப்ப இது பொய் வலி. உடம்பு ஒத்திகை பார்க்குது, அவ்வளவுதான். நிஜ வலின்னா நடந்தாலும் விடாது, படுத்தாலும் விடாது. நெருங்கி நெருங்கி வரும், வர வரக் கூடும். பேச்சுக் கொடுத்தா பதில் சொல்ல முடியாது. எதுக்கும் குழந்தை சத்தத்தைக் கேட்டுட்டுப் போ."

வயிற்றில் கருவியை வைத்ததும் இதயத்துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று ராத்திரியாவது அவள் பயமில்லாமல் தூங்குவாள்.

போன கர்ப்பத்தின்போது ஏழாம் மாதத்தில், இது வலியா இல்லையா என்றே தெரியாமல், யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது என்று ஒரு பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் அவள். அந்தக் குழந்தை தங்கவில்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வெளியே மாமியார் வழக்கம்போல நர்ஸைத் தனியாக இழுத்துப் போய் ஏதோ கிசுகிசுத்தாள். மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, நீ பதறிப் பதறி அவளையும் பயமுறுத்தற. இங்க உனக்கு என்ன பேர் வச்சிருக்காங்க தெரியுமா? சைரன்!"

"வச்சா வச்சுட்டுப் போறாங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்குது, நான் கத்துறேன்."

வார்டில் எல்லோரும் சிரித்தார்கள். மருமகளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை. குளித்துவிட்டு வந்த மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இந்தத் துண்டை..." என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை.

மெஷின் நின்றது.

"கொஞ்சம் நட கண்ணு."

நடந்தாள். நடந்துகொண்டிருக்கும்போதே மறுபடி வந்தது. இந்தத் தடவை இன்னும் பலமாக.

மாமியார் கத்தவில்லை. மகனுக்குப் போன் போட்டு, "வண்டியோட வா" என்று மட்டும் சொன்னாள். ஓரத்தைத் தைத்து முடித்து, நூலைக் கடித்துத் துண்டித்து, மெஷினுக்கு உறை போட்டாள். மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நிதானமாகப் பின்னல் போட்டுவிட்டாள். வலி வந்தபோதெல்லாம் பின்னலை நிறுத்திவிட்டு முதுகைத் தேய்த்தாள்.

சைரன் அடிக்காததால் சாவகாசமாக வந்த மகன், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அலறியே விட்டான்.

"கத்தாதேடா. பையை எடு," என்றாள் மாமியார். இரண்டு காலிலும் அவளுடைய செருப்பே இருந்தது.

சாயங்காலத்துக்குள் பிரசவ அறைக் கதவு திறந்தது.

"பொண்ணு! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க," என்ற நர்ஸ், மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். "என்னம்மா, இன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிடவே இல்லை? 'இது பொய் வலிதான் சிஸ்டர், எனக்கே தெரியும். குழந்தை சத்தத்தை மட்டும் அவளுக்குக் கேட்க வச்சு அனுப்புங்க'ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வீங்களே!"

மகன் அம்மாவைப் பார்த்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா? அப்புறம் எதுக்கும்மா ஊரைக் கூட்டினே?"

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வலின்னு சொல்லக் கூச்சப்பட்டு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவடா அவ. பொய் வலிக்கு அவளைப் பார்த்து நாலு பேர் சிரிச்சா, நிஜ வலிக்கு வாயைத் திறப்பாளா? அதான், சிரிக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்னு நான் முந்திக்கிட்டுக் கத்தினேன்."