இலை அறிந்த கை

பூரணியின் கணவன் மதியழகன் கொலையான வழக்கில், அவனது அலுவலக அறையிலிருந்த மணிபிளான்ட்தான் சாட்சி. தன்னைத் தொட்ட கைகளை அது அடையாளம் காட்டும். அது காட்டிய தொழில் கூட்டாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

தீர்ப்புக்குப் பிறகு செடித்தொட்டியைத் திரும்ப வாங்கும்போது, அதைச் சோதித்த தாவர நிபுணரிடம் பூரணி கேட்டாள்: "இதுக்கு வேற யாரைத் தெரியும்?"

அவர் தயங்கினார். "உங்க வீட்டுக்காரரை. அப்புறம் ஒரு பொம்பளை கை. ரெண்டு வருஷமா தினமும் தொட்டிருக்கு. நீங்க இல்லம்மா."

நீதிமன்ற வாசலில், மதியழகனிடம் வேலை பார்த்த அமலா அழுத முகத்தோடு வந்தாள். "அக்கா, இந்தச் செடியை மட்டும் எனக்குக் குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து பூரணி காலையும் மாலையும் ஒவ்வோர் இலையாகத் தடவுகிறாள். மாதந்தோறும் செடியை நிபுணரிடம் தூக்கிப்போய்க் கேட்கிறாள்: "அவளை மறந்துடுச்சா?"