தங்கச்சி செய்த டிப்பர்

"தள்ளி நில்லுண்ணே! தட்டு மேல வரப்போகுது."

தங்கை விசையை அழுத்தினாள். சரளைக்கல் நிறைந்த பின்தட்டு ஒரு சாண் எழும்பியது, முக்கியது, அப்படியே நின்றுவிட்டது.

நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி. எந்த மேட்டிலும் மூச்சுவிடாமல் ஏறும். ஆனால் கல்லை இறக்க மண்வெட்டிதான் கதி. போன மாதம் அண்ணன் "இடுப்பு விட்டுப்போச்சு" என்று உட்கார்ந்துவிட, அவள் ஒருத்தியாகவே தள்ளித் தள்ளி ஓய்ந்து போனாள். டிப்பராக மாற்றித் தரச் சொன்னால், "இத்தனூண்டு வண்டிக்கா?" என்று பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சுருக்கென்றது.

பேருந்துக்குக் கூடு கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தவள் அவள். அப்பா போனதும், கல் ஏற்றி இறக்கும் தொழிலில் அண்ணன் தனியாக அல்லாடுவானே என்று அந்த வேலையை உதறிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு வெல்டிங் பக்கமே போகவில்லை. பட்டறைக்காரர்கள் சிரித்த பிறகுதான் மறுபடி அதைக் கையில் எடுத்து, தட்டைத் தூக்கும் ஜாக்கி ஒன்றை வண்டியின் அடியில் தானே பொருத்தினாள்.

"நம்மளால ஆகாதும்மா. விட்டுடு," என்றான் அண்ணன், கல்குவாரி வாசலில் இடுப்பைப் பிடித்தபடி.

"ஆகாதாவது! ஜாக்கி ரொம்பப் படுத்துக் கிடக்கு. கொஞ்சம் நிமிர்த்தி வச்சா, தானாத் தூக்கும் பாரு."

கல்லை வாரிக் கொட்டினாள். வெற்றுத் தட்டைத் தூக்கி, முட்டுக்கட்டை கொடுத்து, அடியில் புகுந்தாள். ஜாக்கியின் அடியைப் பிடித்திருந்த இரும்பை அறுத்து, இன்னும் கீழே இறக்கிப் பற்றவைத்தாள். வெல்டிங் பற்று ஒவ்வொன்றும் மணி கோத்தாற்போல் வரிசையாக விழுந்தது.

குவாரியின் பொக்லைன்காரர் மறுபடி கல்லை நிரப்பினார். அவள் விசையை அழுத்தினாள்.

தட்டு அசைந்தது. உயர்ந்தது. முன்பு நின்ற இடத்தைத் தாண்டி இன்னும் உயர்ந்தது. கல் மொத்தமும் சடசடவென்று சரிந்து குவிந்தது.

"அடேயப்பா!" என்று பொக்லைன்காரர் இருக்கையை விட்டுக் குதித்தார்.

காலையிலிருந்து கைகட்டி நின்ற பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். குனிந்து, ஒவ்வொரு பற்றையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"லாரிக்குக் கூடு கட்டுற பட்டறை வச்சிருக்கேன்மா. உங்க அண்ணன்தான் வந்து பாக்கச் சொன்னார். இந்தக் கையை வச்சுக்கிட்டு இங்க என்ன பண்றே? நாளைக்கே வேலைக்கு வந்துடு."

அவள் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"மன்னிச்சுக்கங்க ஐயா. அண்ணனுக்கு இடுப்பு சுத்தமா முடியலை. இந்த நிலைமையில அவரை விட்டுட்டு எப்படி வர்றது?"

அண்ணன் முன்னால் வந்தான். கீழே கிடந்த பாறாங்கல் ஒன்றை அலேக்காகத் தூக்கித் தோளில் வைத்தான்.

"என் இடுப்புக்கு ஒண்ணும் ஆகலைம்மா. வலிக்குதுன்னு சொல்லலேன்னா, நீ மறுபடி வெல்டிங்கைத் தொட்டிருப்பியா?"