மற்றவன் பேரில்

"அடுத்தவன்ட பேரில மெயில் அனுப்புறது பச்சைக் களவு. அந்த வேல இண்டையோட முடிஞ்சுது!"

அரிசிக் கம்பெனியின் கொம்பியூட்டர் பொறுப்பாளன் ஷாமில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். சொல்லாமல் இருப்பானா? முந்தின கிழமை ஆரோ ஒரு பகிடிக்காரன், மனேஜர் மத்தேயுவின் பேரில் 'நாளைக்கு லீவு' என்று மெயில் போட்டு, முழு மில்லும் ஒருநாள் படுத்துவிட்டது.

இனி அவரவர் பாஸ்வேர்டால் உள்ளே போனால் அவரவர் பேரில் மட்டும்தான் அனுப்பலாம். பேர் மாறினால் சேர்வர் மறித்துவிடும்.

"சேர், இத நாளைக்குப் போட ஏலாதா?" பொது மெயில்களைப் பார்க்கும் ரிப்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏன், ஒங்களுக்கு எங்க குத்துது?"

அவள் திரும்பித் தன் மேசைக்குப் போனாள்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னமே ஒன்று மாட்டியது. ரிப்காவின் கணக்கேதான். திரும்பத் திரும்ப அனுப்பப் பார்த்திருக்கிறாள்.

"வாங்க சேர், கள்ளியப் பாருங்க!" மத்தேயுவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அந்த மெயிலைத் திறந்தான் ஷாமில்.

அனுப்புபவர் பேர்: ஷாமில். போய்ச்சேர வேண்டியவர்: ஏறாவூர் மஜீட். அவனைப் பெற்ற வாப்பா!

'வாப்பா, நான் நல்ல சுகம். பயப்புடாம ஒப்பரேசனுக்குப் போங்க. துஆ செய்றன்.'

வீட்டோடு வட்டை வயல்காணியையும் தங்கச்சிக்கே எழுதிவிட்டார் என்று வாப்பாவோடு பேச்சை முறித்தவன் அவன். அவருடைய நம்பரையும் மெயிலையும்கூடத் தடுத்துவைத்திருந்தான்.

"ஒங்கட வாப்பா கம்பெனிட பொது மெயிலுக்கு எழுதுவார் சேர். பாக்காம அழிங்க எண்டீங்க." ரிப்கா அழுதாள். "எனக்கு மனசு வரல்ல. ஒவ்வொரு நாளும் ஒங்கட பேரில பதில் போட்டன்."

ஷாமில் உடனே தங்கச்சி முப்லிஹாவுக்குப் போன் எடுத்தான்.

"இப்பதான் ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள கொண்டு போனாங்க காக்கா. கடைசி வரைக்கும் போனையே பாத்துக்கொண்டு கிடந்தார்."

"என்ட பதிலுக்கா?"

"எழுதுறது நீங்க இல்ல எண்டு அவருக்கு முதல் மெயில்லயே விளங்கிட்டு. 'ஆரோ ஒரு புள்ள, என்ட மகன் சுகமா இரிக்கான் எண்டு சொல்லுது. எனக்கு அது போதும்' எண்டுவார்." அவள் விம்மினாள். "இண்டைக்கு அது வரல்ல. 'என்ட மகனுக்கு என்னமோ நடந்திட்டு, என்ன விடுங்க' எண்டு அழுதழுதுதான் காக்கா உள்ளுக்குப் போனார்."