எதிர்க்கடைப் பருப்பு

கந்தர்வக்கோட்டை சாலையோரம், உச்சி வெயில். சந்தோஷ்குமாரின் முந்திரிக் கடையில் ஒலிபெருக்கி, அவனே பதிந்து வைத்த குரலில், குரைத்துக்கொண்டே இருக்கிறது: "எதிர்க்கடையில வாங்கி ஏமாறாதீங்க, அம்புட்டும் பூச்சி." தன் சரக்கைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அடுத்தவர் பருப்பில் புழுத் தேடுவதற்குப் பெயர் வியாபாரமாம். கறுப்புக் கண்ணாடியும் மிடுக்குமாகத் துரைபோல உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறான் அவன். எதிர்க்கடையில், புகைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வறுத்த முந்திரிக்கொட்டையைத் தட்டி உடைக்கிறாள் பரிமளா. காரில் வந்த ஒரு பெண்ணின் உள்ளங்கையில் சூடாக ஒரு பருப்பை வைக்கிறாள். "முழுப்பருப்பு தீந்துருச்சுங்க. பாயசத்துக்குன்னா ஒடைசலே போதும். முழுசுதான் வேணும்னா அங்கிட்டு அவருகிட்ட வாங்கிக்கங்க, நல்லாருக்கும்." அந்தப் பெண் பருப்பை மென்றபடி சாலையைக் கடந்து வருகிறாள். கிராக்கியைக் கண்டதும் சந்தோஷ்குமார் பரபரவென்று தராசைத் துடைக்கிறான். "அவ என்ன சொன்னாலும் நம்பாதீங்கக்கா. வாயத் தொறந்தா பொய்யி." பருப்பை அள்ளிப் பார்க்க நீண்ட கையை அந்தப் பெண் மடக்கிக்கொள்கிறாள். "ஒங்க பருப்பு நல்லாருக்கும்னு சொன்னதே அவங்கதாங்க" என்கிறாள். "சரி, நம்பல." உடைசல் வாங்கத் திரும்பிச் சாலையைக் கடக்கிறாள். ஒலிபெருக்கி அவள் முதுகைப் பார்த்துக் குரைக்கிறது.