பிரதி கேட்பவர்கள்

பேனாவின் மூடியைத் திறந்த அந்த அம்மா அப்படியே நிறுத்திவிட்டார்.

“அப்போ இனிமே யாரும் அவருக்கு எழுத மாட்டாங்களா, தம்பி?”

வாயெல்லாம் பல்லாக நான் சொல்லிக்கொண்டிருந்த நல்ல செய்தி பாதியில் நின்றது.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்ப்பவன். எங்கள் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்து, செலவையும் தானே ஏற்றுக்கொண்டிருந்தது. எழுதியவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அதுவரை எல்லாம் பூட்டித்தான் கிடந்தன. இணையதளத்தில் தலைப்பு மட்டும் தெரியும். கட்டுரை வேண்டுபவர் ‘பிரதி கேட்க’ என்ற பொத்தானை அழுத்தினால், எழுதியவருக்கு மின்னஞ்சல் போகும். பெரும்பாலும் கிணற்றில் போட்ட கல்தான்.

இந்தப் பேராசிரியர் மட்டும் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். குடிநீரில் உப்பு ஏறுவதைப் பற்றிப் பதினோரு கட்டுரைகள் எழுதியவர். கட்டுரையோடு, ‘உங்கள் ஊரில் மழை எப்படி?’ என்று ஒரு வரியும் போகும். அதன் நகல் எங்களுக்கும் வரும்.

அப்படிப்பட்டவர் சம்மதப் படிவத்துக்கு மட்டும் மூன்று வாரமாக மூச்சுவிடவில்லை. அலுவலகத்தில் அதைச் சொல்லிவிட்டுத்தான் வீடு தேடி வந்தேன்.

கதவைத் திறந்த அவர் மனைவி, அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது என்றார்.

ஓய்வூதியப் பிரிவுக்குத் தெரிந்த செய்திதான். அங்கிருந்து நூலகத்துக்கு இரண்டு மாடி ஏற வேண்டும். யாரும் ஏறவில்லை.

அப்படியானால் இத்தனை நாள் பதில் போட்டது? நான் கேட்கவில்லை. அந்த அம்மாவின் பார்வை மேசைமேல் இருந்த கணினிக்குப் போனது. புரிந்துவிட்டது.

அவரே சொன்னார். துக்கம் விசாரித்தவர்கள் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிட்டார்கள். பிள்ளைகள்கூட ‘அப்பா இருந்தபோது’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மின்னஞ்சலில் மட்டும் ‘நலமாக இருக்கிறீர்களா, ஐயா?’ என்று வந்துகொண்டே இருந்தது. நலம் என்று அவர் ஒருமுறைகூட எழுதியதில்லை. கட்டுரையை இணைப்பார், மழையை விசாரிப்பார், கணவர் பெயரைப் போட்டு அனுப்புவார். படிவம் வந்தபோது அந்தப் பெயரில் கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை.

சட்டப்படி உங்கள் கையெழுத்தே போதும் என்று சொல்லித்தான் பேனாவைக் கொடுத்திருந்தேன். இனி யாரும் யாரையும் கேட்கவே வேண்டாம் என்றும் சொல்லித் தொலைத்திருந்தேன்.

படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. பதினோரு கட்டுரைகள் பூட்டிக் கிடந்தால் என்ன, குடியா முழுகிவிடும்?

அந்த அம்மா படிவத்துக்கு அடியில் இருந்த தாளை உருவிப் பார்த்தார். கட்டுரைகளைத் தேடி வந்தவர்கள் நாலாயிரத்து நூற்றெண்பது பேர். பிரதி கேட்டவர்கள் தொண்ணூற்றாறு பேர்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்றேன். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை.

“இத்தனை பேரு வாசல் வரைக்கும் வந்துட்டுத் தண்ணிகூடக் குடிக்காம போயிருக்காங்களே!”

உட்கார்ந்தார். பதினோரு இடத்திலும் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியை என்னிடம் கேட்டுக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்க அம்மா இப்போ சுவரைப் பிடிக்காம நடக்கறாங்களா?”

அதுவரை நாங்கள் இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததை நான் அலுவலகத்தில்கூடச் சொன்னதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், வேலை தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டுப் பேராசிரியருக்கு மட்டும் எழுதியிருந்தேன். ‘கட்டுரைகள் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் அம்மாவைப் பாருங்கள்’ என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பிறகு வாரம் தவறாமல் ஒரு விசாரிப்பு. என் கூடப்பிறந்தவர்கள்கூட அப்படிக் கேட்கவில்லை.

படிவத்தைத் தபாலிலேயே வாங்கியிருக்கலாம். அந்த மனிதரை நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் மூன்று பேருந்து மாறி வந்தேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை வேறு.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவருக்குச் சொல்ல வைத்திருந்ததில் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் இவரிடம் சொன்னேன்.