இரண்டாம் பெயர்

திரையில் மகளின் பெயர் இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நன்முல்லை மறைக்காடன். சந்தேகமே இல்லை. அவள் பெற்ற பெண்தான்.

பெயரிலிருந்து ஒரு கோடு கிளம்பி, இன்னொரு பெயரில் போய் முட்டி நின்றது.

இனேஸ் மறைக்காடன். வயது: ஏழு. நாடு: போர்ச்சுகல்.

கோட்டின் மேல் சிவப்பில் ஒரு கேள்வி.

'இவர்கள் சகோதரிகளா?'

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

"யக்கா!" அடுத்த மேஜையிலிருந்து ஜெபசீலியின் குரல். "நீங்க எழுதுன விதி பின்னுதுக்கா! காலையிலேர்ந்து நாப்பது குடும்பத்தச் சேத்து வச்சிருக்கு. பிரியாணி எப்போ?"

காது கேட்டது. கண் திரையை விட்டு நகரவில்லை.

அவளுடைய விதிதான். காணாமல் போனவர்களின் பட்டியல்களைப் பதினாறு நாடுகள் ஒரே வலையில் கொண்டுவந்து கொட்டியிருந்தன. நாட்டுக்கு நாடு வேறு படிவம், வேறு வழக்கம். எந்தக் கட்டத்துக்கு என்ன பொருள் என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அது கடல் தாண்டி உறவு கண்டுபிடிக்கும். தமிழ்ப் பெயரில் மட்டும் இடறி விழுந்துகொண்டிருந்தது. ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தேடியது. அப்பனையும் பிள்ளையையும் அந்நியர்கள் என்றது.

நேற்று மாலை அவள் ஒரு வரி சேர்த்தாள்.

'தமிழர்க்கு இரண்டாம் பெயர் குடும்பப் பெயர் அன்று, தந்தையின் பெயர்.'

ஒரே ஒரு வரி. ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு அவள் மடியிலேயே வந்து விழுந்திருக்கிறது.

மறைக்காடன்.

வேதாரண்யத்துச் சாமியின் பெயர். அந்த ஊரிலேயே அவள் கணவனைத் தவிர வேறு யாருக்கும் அப்படிப் பெயர் கிடையாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவன் போன சரக்குக் கப்பல் மூழ்கியது. பதினோரு உடல்கள் கிடைத்தன. அவனுடையது கிடைக்கவில்லை.

அப்போது நன்முல்லைக்கு ஒரு வயது. அப்பா கடலில் இருக்கிறார் என்று சொல்லித்தான் வளர்த்தாள். பதின்மூன்று வயதாகியும் அந்தப் பெண் கடலில் கால் நனைப்பதில்லை. அப்பாவை மிதித்துவிடுவாளாம்.

இனேஸுக்கு ஏழு வயது.

கணக்குப் போடவே தேவையில்லை. ஆனாலும் போட்டாள். விரல் விட்டு இன்னொரு முறை போட்டாள்.

இருக்காது. வேறு எவனோ.

அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவனுடைய அப்பா பெயர் இருக்கும். அய்யாக்கண்ணு. போர்ச்சுகல் வழக்கப்படி அதுதான் குழந்தைக்கும் போயிருக்க வேண்டும். இனேஸ் அய்யாக்கண்ணு.

போகவில்லை.

எவனோ ஒருவன் அங்கே பிறப்புப் பதிவு அலுவலகத்தில் நின்றுகொண்டு, பிள்ளைக்கு அப்பா பெயர்தான் வரவேண்டும், தாத்தா பெயர் அல்ல என்று மல்லுக்கட்டியிருக்கிறான். பாஷை தெரியாத ஊரில். தமிழன் ஒருவனைத் தவிர வேறு எவனுக்கு அந்தப் பிடிவாதம் வரும்?

"பாவி," என்றாள் திரையைப் பார்த்து. "உசுரோடயா இருக்க?"

அப்புறம்தான் உறைத்தது.

இது பிறந்தவர்களின் பட்டியல் இல்லையே. காணாமல் போனவர்களின் பட்டியல். இதில் அந்தக் குழந்தைக்கு என்ன வேலை?

பெயரை அழுத்தினாள். பதிவு தமிழாகி விரிந்தது.

தேடுபவர்: இனேஸ், தாய் மூலமாக.

தேடப்படுபவர்: அப்பா.

கடைசியாகப் பார்த்தது: சென்ற அக்டோபர். ரொட்டி வாங்கி வருகிறேன் என்று போனார்.

அடையாளம்: தூங்கும்போது இடது காதை மடித்துப் பிடித்துக்கொள்வார்.

நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மகள் பெயரையும் சேர்த்துக் கொடுத்த படிவத்தில், இதே கட்டத்தில் அவள் எழுதியது, வலது முழங்காலில் தழும்பு. காதும் ஞாபகம் வந்தது. அரசாங்கத் தாளில் அதையெல்லாம் எப்படி எழுதுவது என்று கூச்சம். விட்டுவிட்டாள்.

"என்னக்கா, நாப்பத்தொண்ணு மட்டும் தொங்குது?" ஜெபசீலி எட்டிக்கூடப் பார்க்காமல் கேட்டாள். "ஆமாவா, இல்லையா? ஆமான்னா இன்னிக்கே ரெண்டு வீட்டுக்கும் லெட்டர் போயிரும்லா?"

"போயிரும்."

ரெண்டு வீட்டுக்கும். அதில் ஒன்று பெரம்பூரில் இருக்கிறது. தபால்காரர் மணி அடித்தால் முதலில் ஓடுவது நன்முல்லை.

இல்லை என்று அழுத்தினால்?

கோடு அறுந்துவிடும். அப்பா கடலிலேயே இருப்பார். எங்கோ ஒரு குழந்தை தனியாகத் தேடிக்கொண்டிருக்கும்.

அவள் அழுத்தினாள்.

ஆம்.

கோடு பச்சையானது. இரண்டு பதிவுகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, ஒரே பதிவாக நின்றன. மேலே அவன் பெயர். அதன் கீழே:

தேடுபவர்கள்: மூவர்.

நன்முல்லை, மகள்.

இனேஸ், மகள்.

மூன்றாவதாக அவள் பெயர். பக்கத்தில், மனைவி.

அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறிப்போய் ஆடை படிந்தது.

பிறகு அவள் விரல் மெல்ல மூன்றாவது வரிக்கு நகர்ந்தது.

தேடுபவர்கள்: இருவர்.